தங்கத்துக்கென்று தனிக் குரல் இல்லை

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஷிப்ட் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வாசல்களில் உலோகம் கண்டறியும் கருவி எழுப்பும் சத்தம் ஒன்றுதான்: பீப். பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், எதுவானாலும் அதே பீப். செக்யூரிட்டிக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. உலோகம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். மீதியைப் பையைத் திறந்து பார்த்துக்கொள்வார்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்கக் கட்டி தேடி அலைகிறவர்கள் கையில் இருப்பதும் இதே இனத்துக் கருவிதான். ஆனால் அவர்களுடைய ஹெட்போனில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது சற்றே தடித்தால், மெலிந்தால், சுருதி ஏறினால், சரிந்தால், அதைக் கேட்டே தோண்டுவதா நடையைக் கட்டுவதா என்று முடிவு செய்கிறார்கள். 1980 செப்டம்பரில் கிங்கோவர் என்ற ஊருக்கு அருகே, 27 கிலோ எடையுள்ள ஒற்றைத் தங்கக் கட்டி இப்படித்தான் அகப்பட்டது. ஆலை வாசல் கருவி தூக்கிப் போட்டுவிடுகிற தகவலை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள் என்று சொல்லலாம்.

அந்தத் தகவல் என்ன? கருவியின் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறி மாறி ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் ஏதாவது இருந்தால், அதற்குள் சிறு மின்னோட்டங்கள் வட்டமடிக்கத் தொடங்கும். சுழல் மின்னோட்டம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதுதான். அந்தச் சுழற்சி தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். கருவி அதைப் பிடித்து ஒலியாக்கும். சுழல் மின்னோட்டம் சட்டென்று செத்துவிடுகிறதா, கொஞ்சம் நின்று சாகிறதா என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. பானை வாங்கப் போனால் விரலால் சுண்டி, நாதம் நிற்கிறதா என்று பார்க்கிறோம். கருவியும் உலோகத்தைச் சுண்டித்தான் பார்க்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மின்கடத்துதிறனும் பொருளின் அளவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதில் அளவின் கை ஓங்கியது: ஒரே உலோகத்தில் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், நிற்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தங்கம் தேடுகிறவரின் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. சுத்தத் தங்கத்தின் கடத்துதிறன் செம்பைவிடக் குறைவு, அலுமினியத்தைவிடச் சற்று அதிகம். மண்ணில் கிடைக்கும் தங்கமோ சுத்தமாக இருப்பதில்லை, வெள்ளி கலந்திருக்கும். கலப்பு ஏற ஏறக் கடத்துதிறன் இறங்கும். ஆகவே சிறு தங்கத் துணுக்கும், சிகரெட் பெட்டியிலிருந்து கிழிந்த அலுமினியத் தாளும், குளிர்பான டின்னின் வளையமும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும். இரும்பைக் கீழ்ச்சுருதியிலும் வெள்ளி நாணயத்தை மேல்சுருதியிலும் ஒலிக்கும் கருவிகள் உண்டு. தங்கம் இரண்டுக்கும் நடுவே, குப்பைகளோடு குப்பையாக நிற்கிறது. ஒலியைக் கேட்டே தங்கமென்று உறுதி சொல்கிறவர் யாராக இருந்தாலும், தோண்டிக் காட்டும்வரை நான் நம்பமாட்டேன்.

பின்னே காது எதைத்தான் பிரிக்கிறது? பெரும்பாலும் இரும்பை. ஆணி நீளமானது, காந்தத்துக்கு இழுபடுவது. தட்டை அதன் நீளவாக்கில் ஓட்டினால் இரண்டு முனையிலும் இரண்டு முறை ஒலிக்கும். குறுக்கே ஓட்டினால் ஒரு முறை. தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி ஓட்டும்போது ஒலி உடைந்தோ கரகரத்தோ மாறினால் இரும்பு என்று சந்தேகிக்கலாம். உருண்டு திரண்ட தங்கம் எந்தப் பக்கமிருந்து போனாலும் ஒரே மாதிரி, மழுங்கலில்லாமல் எழுந்து இறங்கும். நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் துடிப்புவகைக் கருவிகளில் இன்னொரு பாஷை உண்டு. சிறு துணுக்குக்குச் சுருதி ஏறி இறங்கும். பெரிய கட்டிக்கு இறங்கி ஏறும். பெரிய இரும்புத் துண்டும் இறங்கி ஏறும் என்பதுதான் வேதனை.

இந்த வித்தையை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பரீட்சித்துப் பார்க்க நினைத்தால் முதலில் பேசப்போவது மண்தான். சென்னையைச் சுற்றிப் பல இடங்களில் இரும்புச்சத்து ஏறிய செம்புரைக்கல் சரளை கிடக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்காலக் கருவி, இந்தியக் கற்கால ஆய்வையே தொடங்கி வைத்த அந்தக் கல், கிடைத்தது இப்படிப்பட்ட சரளையில்தான். காந்தத்தன்மையுள்ள தாதுக்கள் தாமாகவே கருவிக்குப் பதில் சொல்லும். அந்த ஒலி அகலமானது. கடல் அலைபோல மெல்ல எழுந்து மெல்லத் தணியும். தட்டைச் சற்று உயர்த்தினால் மண்ணின் முனகல் அடங்கிவிடும். உலோகமாக இருந்தால் குரல் சன்னமாகும், ஆனால் அதே இடத்தில் நிற்கும். மண்ணின் பதிலைக் கழித்துக் கேட்கும் வசதி இன்றைய கருவிகளில் இருக்கிறது. இருந்தாலும் தொழில் வட்டாரத்து மண்ணில் வெல்டிங் ராடு துண்டு, நட்டு, போல்ட், பாட்டில் மூடி எல்லாம் சேர்ந்து பாடினால் எந்த வசதியும் கைகொடுக்காது. தங்கப் பாறை இங்கே கிடையாது. அதற்குக் கோலாருக்கோ நீலகிரியின் தேவாலாவுக்கோ போக வேண்டும். கோலாரில் தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி வெட்டிய பாறையில் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத பொடியாகக் கலந்திருந்தது. அந்த மாதிரித் தங்கத்துக்கு இந்தக் கருவி ஊமை.

காரணம் முன்பு சொன்ன அளவுக் கணக்குதான். பொடியாகப் பிரிந்துவிட்டால் ஒவ்வொரு துகளிலும் மின்னோட்டம் சுழல இடமில்லை, எழுந்தவுடன் செத்துவிடும். சென்னை விமான நிலையத்தில் தங்கம் பேஸ்ட் வடிவில் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே, கடத்துகிறவர்கள் நம்பும் இயற்பியல் இதுவே. ஆனால் எக்ஸ்ரே பார்ப்பது சுழல் மின்னோட்டத்தை அல்ல, அடர்த்தியை. அங்கே தங்கம் ஒளிய முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தங்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடியது இங்கே; அதற்குப் பிறகும் போன் தயாரிப்பு நிற்கவில்லை. ஒரு கைபேசியில் ஏறத்தாழ 0.03 கிராம் தங்கம் இருக்கும். ஒரு டன் பழைய கைபேசியில் இருநூறு கிராமுக்கு மேல் தேறும். நல்ல சுரங்கத்தில்கூட ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான். இருந்தும் வாசலில் ஒரு சர்க்யூட் போர்டு பீப் அடித்தால் அது செம்பின் குரல். இணைப்புப் புள்ளிகள் மேல் பூசிய தங்கம் மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அடியில் கிடக்கும் செம்புப் படலம் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தடிமன்.

தூரம் என்றொரு எதிரியும் உண்டு. போகும் புலமும் திரும்பும் புலமும் இரண்டுமே வேகமாகத் தேய்வதால், சிறு பொருள் இருமடங்கு ஆழத்தில் கிடந்தால் அதன் பதில் சுமார் அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அரிசிமணி அளவுத் தங்கத்தைச் சில அங்குலத்தில் கேட்டாலே பெரிய விஷயம். அதனால்தான், ஐம்பது அடி ஆழத்துப் புதையலைத் தூரத்திலிருந்தே காட்டும் என்று விற்கப்படும் ஆண்டெனாக் கருவிகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்க முடியாத கதையும் இருக்கிறது. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமான் ஒன்றை அடிப்படையாக வைத்து, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற பிரிட்டன் வியாபாரி ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பாக்தாத் சோதனைச் சாவடிகளில் வீரர்கள் அதை நம்பி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவிக்குள் சுருளும் கிடையாது, பேட்டரியும் கிடையாது.