ஸ்மார்ட் வாட்ச் வாங்கப் போகிறீர்களா?

எங்கள் வகுப்பு கோலார் தங்கவயலில் நடக்கிறது. மாலை ரயில் வந்த பிறகுதான் ஆட்கள் சேருவார்கள். தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதன் பிறகு எங்கள் ஊரில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுவார்கள். வீடு திரும்ப இருட்டிவிடும்.

ஒரு நாள் பெரியம்மா ஒருவர் வகுப்புக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு கடிகாரம். கறுப்புக் கண்ணாடி, ஆரஞ்சு நிறப் பட்டை.

"பாப்பா, இதிலே பிரஷர் தெரியுதாம். சுகர்கூடக் காட்டுமாம். ரயிலில் ஒரு பையன் விற்றான். பெட்டியிலே 7,999 ரூபாய்னு போட்டிருக்கு. எனக்கு 900 ரூபாய்க்குக் கொடுத்தான்" என்றார்.

கண்ணாடியைத் தொட்டார். அடியில் பச்சை விளக்கு மினுக்கியது. 118, 76 என்று எண்கள் வந்தன. எண்களைப் பெரியம்மாவே படித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

"மூணு நாளா பிரஷர் மாத்திரை போடலை. அதான் சரியாயிடுச்சே!"

இன்னொரு அக்காவின் பையில் சுரைக்காய் ஒன்று இருந்தது. அதை வாங்கி, அதன் கழுத்தில் அந்தக் கடிகாரத்தைக் கட்டினோம். அரை நிமிடம் காத்திருந்தோம். சுரைக்காய்க்கு பிரஷர் 121, 79 என்று காட்டியது! வகுப்பே சிரித்தது. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவரை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். நர்சம்மா கையில் பட்டை சுற்றிப் பார்த்தார். 172, 100 என்று இருந்தது. டாக்டர் கோபித்துக்கொண்டார். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலை எங்கள் பாடம் இந்தக் கடிகாரம்தான். அன்று பேசியதையே இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பச்சை விளக்கு என்ன செய்கிறது?

நம் ரத்தம் சிவப்பு. அது பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒரு முறை துடித்தால் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் ரத்தம் வரும். அப்போது பச்சை ஒளி அதிகம் உறிஞ்சப்படும். திரும்பி வருவது குறையும். துடிப்பு அடங்கினால் திரும்பி வரும் ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் எண்ணுகிறது. ஒரு நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று சொல்கிறது. நல்ல கடிகாரம் இதை ஓரளவு சரியாகவே சொல்லும்.

ஆனால் பட்டை தளர்ந்து வளையல்போல் ஆடினால் கணக்கு தப்பும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலோடு ஒட்டிக் கட்ட வேண்டும். கையில் பச்சை குத்தியவர்கள் அந்த இடத்தில் கட்டக் கூடாது. மை ஒளியை மறைத்துவிடும். எங்கள் வகுப்பில் இரண்டு பாட்டிமாருக்கு மணிக்கட்டு முழுக்கப் பச்சைக்கோலம்தான். அவர்களுக்கு இது சரிப்படாது.

சுரைக்காய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விலை உயர்ந்த கடிகாரத்தைக் கட்டினாலும் சில சமயம் ஏதாவது ஒரு துடிப்பு எண் வரலாம். ஒளி எதில் பட்டாலும் திரும்பி வருமே! அதனால் துடிப்பைக் காட்டியதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காய்க்கு பிரஷர் காட்டினால்? அந்த எண் அளந்து வந்ததல்ல. உள்ளே எழுதி வைத்தது.

பிரஷர் பார்க்க ரத்தக் குழாயை அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கையில் பட்டை சுற்றிக் காற்று ஏற்றுகிறார்கள். ஒரு சில விலை உயர்ந்த கடிகாரங்கள் ஒளியை வைத்து பிரஷரைக் கணிக்கின்றன. அவற்றையும் பட்டைக் கருவியோடு ஒப்பிட்டு அவ்வப்போது சரி செய்ய வேண்டும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சுகர் கதை இன்னும் மோசம். சுகர் பார்க்க ஒரு சொட்டு ரத்தம் வேண்டும். அல்லது தோலுக்குள் மெல்லிய இழை போகும் கருவியை ஒட்டிக்கொள்ள வேண்டும். குத்தாமலே சுகர் சொல்லும் என்று விற்கும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் அதிகம் போட்டால் மயக்கம் வரும். உயிரும் போகலாம்.

நம் நாட்டில் 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் கேளுங்கள். 900 ரூபாய் மிச்சம்.

இதய மின்வரைபடம் எடுக்கும் கடிகாரங்களும் உண்டு. விலை பல ஆயிரம். அவையும் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே இதை வாங்க வேண்டும். இதில் காந்தம் இருக்கிறது.

நடையை எப்படி எண்ணுகிறது?

உள்ளே அசைவை உணரும் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. கை வீசும் விதத்தை வைத்து அடிகளைக் கணக்கிடுகிறது. கால் நடப்பது அதற்குத் தெரியாது. ஒரு அண்ணன் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். தெருத் தெருவாக நடக்கிறார். கை வண்டியைப் பிடித்தபடி அசையாமல் இருக்கும். அவருக்குக் கணக்கு குறைவாகவே வரும். உட்கார்ந்து துணி துவைக்கும் அக்காவுக்கோ கூடுதலாக வரலாம்.

தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது டாக்டர்கள் ஆராய்ந்து வைத்த எண் அல்ல. 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி நடை எண்ணும் கருவியை விற்றது. அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயர் வைத்தது. அந்தப் பெயர்தான் உலகமெல்லாம் பரவிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது சற்று வேகமான நடை போன்ற உழைப்பு வேண்டும். நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். இதற்குச் சாதாரணக் கடிகாரமே போதும்.

பிறகு யாருக்குத்தான் இது பயன்படும்? நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு, எழுந்து நட என்று நினைவூட்டும். மாத்திரை நேரத்துக்குக் கையில் அதிரும்படி வைக்கலாம். காது மந்தமானவருக்கு இது நல்ல உதவி. போன் வந்தால் மணிக்கட்டில் தெரியும். என்னைக் கேட்டால், இந்த அதிர்வு ஒன்றுக்காகவே வாங்கலாம்.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் உங்கள் போனைக் கையோடு கொண்டு போங்கள். இந்தக் கடிகாரம் தனியாக அதிகம் வேலை செய்யாது. புளூடூத் வழியாகப் போனோடு சேர்ந்துதான் ஓடும். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பயன் இல்லை. சில கடிகாரங்கள் குறிப்பிட்ட போனோடு மட்டுமே சேரும். ஆப்பிள் வாட்சை அமைக்க ஐபோன் வேண்டும். 'கடிகாரத்திலேயே பேசலாம்' என்பார்கள். சிம் இல்லாத கடிகாரமென்றால் போன் அருகில் இருந்தால்தான் பேச முடியும். போனை வீட்டில் வைத்துவிட்டு ரயிலேறினால் அது வெறும் கடிகாரம்.

அடுத்தது நமக்கு மிக முக்கியம். கடையிலேயே உங்கள் போனுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். கடிகாரத்தில் தமிழ் எழுத்து வருகிறதா பாருங்கள். சிலவற்றில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். கஷ்டப்பட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டு கட்டங்களைப் பார்க்கவா பணம் கொடுப்பது?

வெயிலில் கொண்டு போய்ப் பாருங்கள். வெளிச்சத்தில் எண் தெரியாத திரை வீண். ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் வரும் என்று கேளுங்கள். ஒரு வாரம் என்பார்கள். அதில் போன் பேசினால் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடலாம். சார்ஜர் பெரும்பாலும் அந்தக் கடிகாரத்துக்கு மட்டுமே பொருந்தும். தொலைந்தால் வேறு கிடைப்பது கஷ்டம்.

5 ஏ.டி.எம். என்று எழுதியிருந்தால் 50 மீட்டர் ஆழம் வரை மூழ்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆடாத நீரில் அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கியது என்றுதான் பொருள். மழைக்கும் பாத்திரம் கழுவவும் சரி. வெந்நீரும் சோப்பும் ஆகாது.

பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குறியும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை. பெட்டியில் போட்ட விலையைப் பார்த்து மயங்காதீர்கள். 7,999 என்று அச்சடித்து 900க்குக் கொடுப்பதால் அது மலிவு ஆகிவிடாது. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நம் பெரியம்மாவிடம் பில் இல்லை. விற்ற பையனும் திரும்ப ரயிலில் வரவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு தாத்தா இருக்கிறார். சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் கையில் எச்.எம்.டி. கடிகாரம். பெங்களூரில் 1961இல் செய்யத் தொடங்கிய கடிகாரம் அது. அந்தக் கம்பெனியை மூட அரசு 2016இல் முடிவெடுத்தது. தாத்தாவின் கடிகாரம் மட்டும் இன்னும் ஓடுகிறது. "தினம் காலையிலே சாவி கொடுப்பேன். அதுக்குப் போன் வேண்டாம், சார்ஜர் வேண்டாம்" என்று பெருமையாகக் காட்டினார்.

பெரியம்மா தன் கடிகாரத்தைத் தூக்கிப் போடவில்லை. ரயில் நேரம் பார்க்க வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை நர்சம்மாவிடம் போகிறார். வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கோடு போட்டிருக்கிறார். தேதி, மேல் எண், கீழ் எண். போன முறை 138, 86 என்று அவரே எழுதி என்னிடம் காட்டினார். பக்கத்தில் 'சுரைக்காய் 121, 79' என்றும் எழுதி வைத்திருக்கிறார்.