மக்கும் பை எந்த மண்ணில் மக்கும்?

பிளாஸ்டிக்குக்குப் பிறகு – 7

சென்ற வாரம் தாய்லாந்தின் ராயோங் வரை போயிருந்தோம். கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதிலிருந்து பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் குருணை எடுக்கும் ஆலை அங்கே 2018-இல் ஓடத் தொடங்கியது. அதன் திறன் ஆண்டுக்கு 75,000 டன். இந்த வாரம் கடலூர் மாவட்டம். இங்கும் கரும்பு உண்டு, கடலும் உண்டு. நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை கண்ட மாவட்டம் இது.

ஆசியாவில் மக்கும் பிளாஸ்டிக் சந்தையை வளர்த்தது முதன்மையாகச் சட்டம்தான். பெருநகரக் கடைகளில் மக்காத பைகளை அந்த ஆண்டு இறுதிக்குள் நிறுத்தவேண்டும் என்று சீனா 2020 ஜனவரியில் அறிவித்தது. ஹைனான் தீவு முழுவதும் டிசம்பரிலேயே தடை வந்தது. பை செய்ய உதவும் பி.பி.ஏ.டி. என்ற மக்கும் பிளாஸ்டிக்குக்கு அங்கே அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. இந்தியாவில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் குறிப்பிட்ட பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு தழுவிய தடை. உத்தரப்பிரதேசத்தின் கும்பியில் பல்ராம்பூர் சீனி மில்ஸ் ஆண்டுக்கு 80,000 டன் திறனுள்ள பி.எல்.ஏ. ஆலை கட்ட முன்வந்தது. 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அளவையும் பார்க்கவேண்டும். உலகின் உயிரி பிளாஸ்டிக் உற்பத்தித் திறன் 2023-இல் சுமார் 22 லட்சம் டன். அதில் ஏறத்தாழ பாதி ஆசியாவில் இருக்கிறது. மொத்த பிளாஸ்டிக்கோ ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல். அந்த 22 லட்சத்திலும் ஒரு பெரும்பகுதி தாவரத்திலிருந்து வந்தாலும் மக்காத வகை.

தமிழ்நாடு நாட்டுக்கு முன்பே தடை வழியில் இறங்கியது. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை விதித்தது. 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. தடையாணை ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தது: தர நிர்ணயத்துக்கு உட்பட்டு, உரமாக மக்கும் என்ற முத்திரையோடு வரும் பைக்கு விலக்கு. சிதம்பரம் கீழவீதியிலோ கடலூர் முதுநகர் மீன் கடையிலோ "இது மக்கும் கவர்ண்ணா" என்று சொல்லிக் கையில் தரும் பை இந்த வாசல் வழியாக வந்தது.

அந்த முத்திரைக்கு என்ன பொருள்? ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரத்தின்படி, சுமார் 58 டிகிரி வெப்பத்தில், ஈரமும் காற்றும் அளவோடு உள்ள உரக் குவியலில், அந்தப் பொருளின் கார்பனில் 90 சதவீதம் 180 நாளுக்குள் கரியமில வாயுவாக மாறவேண்டும். வெப்பம் முக்கியம். பி.எல்.ஏ. 55 முதல் 60 டிகிரி வரை சென்றால்தான் இளகும்; அதற்குக் கீழே நீரும் நுண்ணுயிரும் அதற்குள் புக நெடுங்காலம் ஆகும். அக்னி நட்சத்திரத்திலும் கடலூர் மண் நாள் முழுக்க அந்த வெப்பத்தில் இருப்பதில்லை. கெடிலம் ஆற்றின் தண்ணீர் அதன் அருகில்கூட வராது.

இதை விளங்கிக்கொள்ள வெளியூர் ஆய்வு தேவையில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய அலையாத்திக் காட்டு அறிஞர் க. கதிரேசன் 2003-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சாதாரண பாலித்தீன் பைகளையும் பிளாஸ்டிக் கப்புகளையும் அலையாத்தி மண்ணில் வைத்து, ஒன்பது மாதம் வரை கவனித்த ஆய்வு அது. பை சிதைந்தது அதிகபட்சம் 4.21 சதவீதம். கப் வெறும் 0.25 சதவீதம்.

அதே மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை ஆய்வகக் குடுவையில் வளர்த்தபோது கதை மாறியது. ஆஸ்பர்ஜில்லஸ் கிளாக்கஸ் என்ற பூஞ்சை ஒரே மாதத்தில் பாலித்தீனில் 28.80 சதவீதத்தைச் சிதைத்ததாகக் கட்டுரை பதிவு செய்கிறது. சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாவின் கணக்கு 20.54 சதவீதம். நுண்ணுயிர் அதே மண்ணைச் சேர்ந்தது; மாறியது சூழல். ஆய்வு நடந்தது சாதாரண பிளாஸ்டிக்கில்தான். ஆனால் அது தரும் பாடம் இன்றைய மக்கும் பைக்கும் அப்படியே பொருந்தும்: ஒரு பொருள் மக்குமா என்பதில் பொருளுக்குப் பாதிப் பங்கு, அது போய்ச் சேரும் இடத்துக்கு மீதிப் பாதி.

நம் பைகள் எங்கே போய்ச் சேர்கின்றன? வடகிழக்குப் பருவமழை வந்தால் சிதம்பரம் பகுதியின் நீர் கான்சாகிப் வாய்க்கால் போன்ற வடிகால்கள் வழியே கழிமுகத்தை நோக்கி ஓடும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-இல் ராம்சார் பன்னாட்டுப் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். 2004 சுனாமியில் தன் பின்னால் இருந்த ஊர்களைக் காத்த காடு. அங்கே சுரபுன்னையின் வேரில் சிக்கும் பை, சான்றிதழ் பெற்றதா பெறாததா என்பதில் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் பல காலம் அங்கேயே கிடக்கும்.

குப்பை வண்டியிலும் இதே சிக்கல். தூய்மைப் பணியாளர் கையில் வரும் இரண்டு பைகள் பார்க்க ஒன்றுபோல இருந்தால் இரண்டையும் மக்காத குப்பையில்தான் போடுவார். மக்கும் பை பிளாஸ்டிக் மறுசுழற்சியில் கலந்தால் அந்தச் சரக்கின் தரமும் கெடும். ஆக, இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய பை, உரமும் ஆகாமல் மறுசுழற்சிக்கும் உதவாமல் போகிறது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட ஒன்றிய விதிகள், மக்கும் பிளாஸ்டிக் நுண்பிளாஸ்டிக்கை விட்டுச் செல்லக்கூடாது என்கின்றன. சரியான விதிதான். அதை நிறைவேற்றும் உரக்களம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அந்த உரக்களத்துக்கான அறிவு இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே உண்டு. சர்க்கரை ஆலைகள், சாறு வடிகட்டியபின் மிஞ்சும் பிரஸ்மட் கழிவை நீளக் குவியலாகப் போட்டு, ஈரம் பார்த்து, புரட்டிப் புரட்டி உரமாக்குவது பழைய வழக்கம். நன்றாகப் பராமரித்த குவியலின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மக்கும் பை கேட்பதும் அந்த வெப்பத்தைத்தான். நகராட்சியின் ஈரக் குப்பையையும் ஆலையின் அனுபவத்தையும் ஓரிடத்தில் சேர்த்தால், பை உண்மையிலேயே மக்க ஓர் இடம் கிடைக்கும்.

பயன்பாட்டையும் சுருக்கவேண்டும். காய்கறிக்கும் மளிகைக்கும் மஞ்சப்பை போதும். சாப்பாட்டுக்கு வாழையிலை இருக்கிறது. மக்கும் பிளாஸ்டிக் பொருந்தும் இடம், உணவுக் கழிவும் பையும் ஒன்றாகவே உரக்களம் போகும் இடம்: ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசன நாட்களின் அன்னதானக் கூடங்கள், திருமண மண்டபங்கள், விடுதிச் சமையலறைகள். இன்னொன்று நாற்றுப் பை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபின் இங்கே புதுக் கன்றுகள் ஏராளமாக நடப்பட்டன. கறுப்பு பாலித்தீன் பையில் வளரும் ஒவ்வொரு ஒட்டுக் கன்றும் நடும்போது ஒரு கிழிந்த பையை விட்டுச் செல்கிறது. வெறும் மண்ணிலேயே மக்கும் பைக்கு இங்கே நிலையான தேவை உண்டு.

ஆசியச் சந்தை வளரட்டும். கரும்பு விவசாயிக்கு அதில் பங்கு கிடைத்தால் நல்லது. ஆனால் 58 டிகிரிக் குவியலில் தேறிய பை, வெள்ளாற்றுச் சேற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் நாம் அறியவேண்டும். இந்த மாவட்டத்தில் விற்கும் ஒவ்வொரு மக்கும் பையையும் பரங்கிப்பேட்டையில் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிட அரசு நிதி தரவேண்டும். அதுவரை கடையில் "மக்கும் கவர்" என்று தந்தால், தயாரிப்பாளர் பெயரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அது எங்கே மக்கும் என்று உங்கள் நகராட்சியைக் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: சேலத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து பை செய்யமுடியுமா?)