எல்ல இறக்கத்தில் ஒரு மோரிஸ் மைனர்

மோரிஸ் மைனர் காரை முன்னால் நின்று பார்த்தால், பொனட்டின் நட்டநடுவே ஒரு தட்டையான பட்டை ஓடுவது தெரியும். பலரும் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். கார் கிட்டத்தட்டத் தயாராகி நின்ற வேளையில், அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கு வண்டி ஒடுங்கலாக இருப்பதாகப் பட்டது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, நாலு அங்குல இடைவெளியில் நிறுத்தினார். அந்த நாலு அங்குலத்தின் தடம்தான் பொனட் பட்டை. பம்பர்கள் அதற்குள் செய்து முடிந்திருந்ததால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் கார், வெட்டியும் ஒட்டியும் பிறந்த கார்.

பதுளையிலோ பண்டாரவளையிலோ வீட்டு முற்றத்தில் ஒரு மைனரைத் தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பவர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். உலகில் 16 லட்சத்துக்கும் மேல் விற்ற இந்தக் காரின் தயாரிப்பு 1970களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இலங்கையில் ஓட்டம் நிற்கவில்லை. வலப்பக்க ஸ்டியரிங், சிறிய எஞ்சின், ஒரு பெட்டி ஸ்பேனரோடு முக்கால்வாசி வேலையை முடிக்கலாம் என்ற எளிமை, எல்லாம் சேர்ந்து அதைக் காப்பாற்றின. அதற்கும் மேலாகக் காப்பாற்றியது இறக்குமதித் தடை.

1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் புதுக் காரை விடுங்கள், ஒரு பிரேக் ரப்பர் கிடைப்பதே பாடு. இருந்ததைத் தட்டி நிமிர்த்துவது அன்றைய அவசியம். 1977இல் சந்தை திறந்தது. ஜப்பானிய ரீகண்டிசன் வண்டிகள் வந்து குவிந்தன. பழைய மைனர்கள் கொட்டில்களுக்குள் ஒதுங்கின. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டி என்பது மறுபடி மதிப்புள்ள சொத்தாகிவிட்டது. ஆகவே மேலைநாடுகளில் பொழுதுபோக்கு என்று பேசப்படும் இந்தக் கலை, இங்கே பாதி பொழுதுபோக்கு, பாதி பிழைப்பு. எது எங்கே முடிகிறது என்று வண்டிக்காரருக்கே தெரியாது.

சாமான் தேடுகிறவர் முதலில் போகிற இடம் கொழும்புப் பஞ்சிகாவத்தை. சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொழும்புக்கு அது அப்படி. அங்கும் அகப்படாததைச் செய்துதான் ஆகவேண்டும். மலையகத்தில் அந்தக் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஜோன் வோக்கர் 1854இல் கோப்பித் தோட்ட இயந்திரங்களுக்காகத் தொடங்கிய தொழில் வோக்கர்ஸ் கம்பனியானது. 1875இல் ஹட்டனில் தோட்டங்களுக்குப் பொறியியல் வேலை செய்யப் பிறந்தது பிரவுண் கம்பனி. தேயிலை பக்டரி என்றாலே ரோலர், டிரையர், அவற்றைச் சுற்றும் தண்டுகள், பெயாரிங்குகள். கொழுந்து வரும் காலத்தில் ஒரு தண்டு உடைந்தால் கொழும்பிலிருந்து மாற்றுச் சாமான் வரும்வரை காத்திருக்க முடியாது. பக்டரி ஃபிட்டர் அன்றைக்கே லேத்தில் கடைந்து பூட்டுவார். அந்தக் கைப்பழக்கம்தான் தலைமுறை கடந்து ரோட்டோரக் கராஜுகளுக்கும் இறங்கி வந்தது. 'பாஸ்' என்று மரியாதையோடு அழைக்கப்படும் மெக்கானிக்குகளில் பலருக்குப் பள்ளிக்கூடமே பக்டரிதான்.

இந்தத் திறமையை வெளிநாட்டார் ஒருவரும் அடையாளம் கண்டார். இங்கிலாந்தில் பாத் நகரில் மோரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வேர், காரை நாலைந்து வருடத்தில் தூக்கி எறிவதைவிடக் காலமெல்லாம் பழுதுபார்த்து ஓட்டுவதே சிக்கனம் என்று வாதிட்டு 1982இல் ஒரு புத்தகமே எழுதியவர். 1990களில் அவருடைய தொடர்பில் இலங்கையில் டியூரபிள் கார் கம்பனி உருவாகி, மைனருக்கான உடற்தகடுகள் முதலான பாகங்களை இங்கு செய்து பிரிட்டனுக்கு அனுப்பியது. ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கிய காருக்கு, இங்கிருந்து மட்காட் திரும்பிப் போனது!

சரி, வீட்டில் எதைச் செய்யலாம்? நல்ல தொடக்கம் ஒல்டர்னேட்டர்.

மைனரில் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கம்பனி பூட்டியது டைனமோ. பிந்திய மாடல்களில் அது முழு வேகத்தில் சுற்றினாலும் 22 அம்பியர்தான் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஹப்புத்தளைப் பக்கம் மாலை நாலு மணிக்கே மூடுபனி இறங்கும். ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் ஊர்ந்து போகும் வண்டியின் பெட்டரி வீடு வந்து சேரும்போது சோர்ந்திருக்கும். சிறிய ஜப்பானியக் காரின் ஒல்டர்னேட்டர் ஒன்றைப் பூட்டினால் தொல்லை தீரும். ஆனால் டைனமோ நீளமானது. இரு நுனிகளிலும் காதுகள் வைத்து எஞ்சினில் உட்கார்ந்திருக்கும். ஒல்டர்னேட்டரோ குட்டையானது. ஆகவே இடைவெளியை நிரப்ப ஒரு நீள போல்ட்டும், அதன்மேல் மாட்ட லேத்தில் அளவாகக் கடைந்த ஒரு குழாயும், புதிய பிராக்கெட்டும் தேவை.

பிராக்கெட்டை நேராக இரும்பில் வெட்டப் போகிறவர் பச்சைப்பிள்ளை. அனுபவசாலி பிஸ்கட் பெட்டி அட்டையில்தான் முதலில் வெட்டுவார். அதை எஞ்சின் பக்கத்தில் வைத்து, ஓட்டைகளை விரலால் அழுத்தித் தடம் எடுத்து, மடித்து, மறுபடி வெட்டி, மூன்றாவது அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் 5 மில்லிமீற்றர் தகட்டில் கோடு போடுவார். போல்ட்டைக் கடைசிவரை இறுக்காமல், ஒரு நேர்க்கம்பியைக் கிராங்க் புலியின் முகத்தில் வைத்து, ஒல்டர்னேட்டர் புலியும் அதே கோட்டில் வருகிறதா என்று பார்ப்பார். இரண்டு மில்லிமீற்றர் பிசகினால் போதும், பெல்ட் ஓரம் தேய்ந்து கருந்தூள் கொட்டும். மெல்லிய தகட்டில் செய்த பிராக்கெட் இன்னொரு விதத்தில் பழிவாங்கும்: எஞ்சின் நடுக்கத்தில் வெல்டிங் ஓரமாக முடிபோன்ற வெடிப்பு விட்டு, ஒருநாள் நட்டநடு ரோட்டில் ஒல்டர்னேட்டர் தொங்கும்.

வயரிங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான மைனர்களில் பெட்டரியின் பிளஸ் முனை பொடியோடு எர்த் ஆகியிருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிராக. அதை மாற்றாமல் ஒல்டர்னேட்டரை இணைத்தால் உள்ளிருக்கும் டயோடுகள் அந்தக் கணமே எரிந்துபோகும். பெட்டரியைத் திருப்பிவைத்து, இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

தகர வேலை வேறு கதை. மைனருக்கு லொறிபோலத் தனிச் சட்டகம் கிடையாது. தளமும் கதவுக்குக் கீழோடும் சில் பகுதியும் சேர்ந்தே வண்டியைத் தாங்குகின்றன. மலைநாட்டு ஈரத்தில் முதலில் உக்குவதும் சில்தான். வெளியே புட்டி பூசிப் பெயின்ட் அடித்து விற்ற வண்டிகளில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினால் உள்ளே போய்விடும். உக்கியதை வெட்டிப் புதுத் தகடு வைப்பது வீட்டு வெல்டிங் பிளான்டில் முடிகிற வேலைதான். ஆனால் வெட்டுவதற்கு முன்னரே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்ட் பண்ணி உடலைப் பிடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் சற்றே தொய்ந்து, அப்படியே வெல்டாகி, அதன் பிறகு எந்தக் கதவும் சரியாகப் பூட்டாது. வெல்டிங்கையும் ஒரே இழுப்பில் ஓட்டக்கூடாது. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி. பொறுமை இல்லாதவரின் தகடு அலையலையாக நெளியும்.

இதுவரை சொன்னதில் கைபிசகினால் பணமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் நட்டம். பிரேக்கில் அப்படியல்ல, அதுவும் எல்லயில் அப்படியல்ல.

எல்ல கடல்மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ23 வீதி, முப்பது கிலோமீற்றருக்குள் சுமார் 800 மீற்றர் கீழே போகிறது. ஆட்களோடு ஒரு டன் எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவிடும் சக்தி, 20 லீற்றருக்கு மேல் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் கணிசமாக வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். நியூட்ரலில் விட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறவர் அந்தச் சூடு முழுவதையும் நாலு டிரம்முக்குள் அடைக்கிறார்.

டிரம் சூடானால் விரியும். உள்ளிருக்கும் ஷூ அதைத் தொட இன்னும் தூரம் போகவேண்டும். பெடல் கீழே கீழே இறங்கும். லைனிங்கின் பிடியும் குறையும். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறிப் பழையதானால் அந்த வரம்பு 140க்கு வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்; பெடல் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. அதற்கு மேல் மைனரின் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு.

2025 செப்டெம்பர் 4 இரவு, தங்காலை நகர சபை ஊழியர்களோடு சுற்றுலா வந்து திரும்பிய பஸ் இந்த வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை நாடே அறியும். இந்த இறக்கத்தில் நிற்கவேண்டிய வாகனம் நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பிரேக்கை மேம்படுத்த வழிகள் உண்டு. மைனரின் தளத்தையும் சஸ்பென்ஷனையும் வைத்தே கட்டிய வுல்ஸ்லி 1500 காரில் இன்னும் பெரிய முன் டிரம்கள் இருந்தன. அவற்றை மைனரில் பூட்டுவது பழைய கால வித்தை. இன்று டிஸ்க் பிரேக் செட்டுகள் பிரிட்டனில் விற்பனையாகின்றன. இரு சுற்று மாஸ்டர் சிலிண்டரும் கிடைக்கிறது. பழைய மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருப்பதால், அதைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை. செலவைப் பார்த்து, டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரைப் பிடிக்கும் பிராக்கெட்டை மட்டும் இங்கேயே வெட்டி ஒட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். திடீர் பிரேக்கில் காரின் எடையெல்லாம் முன்னால் சாயும்போது அந்தச் சிறு துண்டில் விழும் இழுவை, ஒல்டர்னேட்டர் பிராக்கெட் கனவிலும் காணாதது. அது ஒரே கட்டை எஃகில் அளவாகக் கடைந்ததாக இருக்கவேண்டும். வெல்டிங் ஒட்டு ஆகாது. முன் பிரேக்கை மட்டும் மாற்றிவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலையை மறப்பதும் ஆபத்து. பின் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டினால் வண்டி வளைவில் பம்பரம்.

ஸ்டியரிங் கையும் அப்படியே. அது சூட்டில் அடித்துருவாக்கிய எஃகு. வளைந்ததைச் சூடுகாட்டி நிமிர்த்தினால் பார்க்க நேராகும், பலம் போயிருக்கும். மைனரின் முன் சக்கரங்களைத் தாங்கும் டிரனியன் என்ற மரையுள்ள பாகம் கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஒருநாள் கழன்று, சக்கரம் மடிந்து, வண்டி மூக்குக் குப்புற அமரும். மைனரின் பேர்போன பலவீனம் அது. அதற்கு மருந்து நல்ல புதுச் சாமானும், தவறாத கிரீஸ் கன்னும்தான். உள்ளூரில் மரை ஏற்றி மீள்பிறவி கொடுக்கும் முயற்சி எவ்வளவு கைதேர்ந்த பாஸ் செய்தாலும் வேண்டாத வேலை.

வேலை முடிந்ததும் நேரே வெல்லவாயப் பக்கம் திருப்பாமல் இருப்பது நல்லது. சமதரையில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நிறுத்திப் பார்க்கவேண்டும். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து இறங்குகிறதா என்று கவனிக்கவேண்டும். பிறகு ஒரு சிறு இறக்கம். நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டால், எந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, எது வேலையே செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

கடைசியாகக் காகித வேலை. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் புது எண்ணை ஏற்றவேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின்கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்றவைத்தபோது பெரிய வாக்குவாதம் கிளம்பி, பிறகு அவகாசம் கொடுக்கப்பட்டது. கண்ணைப் பறிக்கும் விளக்கும் காதைப் பிளக்கும் சைலன்சரும் வேண்டுமென்று அடம்பிடிக்க மைனர்காரருக்கு நியாயம் எதுவும் இல்லை. இந்தக் காரை வாங்க வருகிறவர்கள் விளக்கையோ சத்தத்தையோ பார்ப்பதில்லை. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, முதலில் சில்லைத் தட்டிப் பார்க்கிறார்கள். பிறகு சசி நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள்.