மின்னலைப் படம் பிடிக்க ஆசையா? கேமரா வெளியே பார்க்கட்டும், நீங்கள் உள்ளே இருங்கள்!

1975 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள செக்வோயா தேசியப் பூங்காவில், மோரோ ராக் என்ற பெரிய பாறையின் உச்சிக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். திடீரென்று அவர்களின் தலைமுடி செங்குத்தாக எழுந்து நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கோலத்திலேயே படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆலங்கட்டி மழை தொடங்கியதும் கீழே இறங்கினார்கள். அப்போதுதான் மின்னல் தாக்கியது. அவர்களில் 12 வயதுச் சிறுவன் தீக்காயங்களோடு பிழைத்தான். அருகில் இருந்த வேறொருவர் உயிரிழந்தார். முடி சிலிர்த்து நிற்க, சிரித்தபடி அவர்கள் எடுத்துக்கொண்ட படம் இன்றும் மின்னல் எச்சரிக்கைக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது.

2021 ஜூலை 11, ஜெய்ப்பூர். ஆமேர் கோட்டை அருகே உள்ள காவல் கோபுரத்தில் மழையை ரசிக்கக் கூட்டம் கூடியிருந்தது. மின்னல் தாக்கியதில் குறைந்தது 11 பேர் இறந்தார்கள். பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

இரண்டு இடங்களுக்கும் பொதுவானது ஒன்றுதான்: உயரமான, திறந்த இடம்.

முடி ஏன் எழுந்து நிற்கிறது?

இடிமேகத்தின் அடிப்பகுதியில் எதிர்மின்னூட்டம் சேரும்போது, கீழே தரையில் நேர்மின்னூட்டம் திரள்கிறது. உயரமாக, கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பவற்றில் அதன் விசை அதிகம். மேகத்திலிருந்து ஒரு மின்பாதை சுமார் 50 மீட்டர் படிகளாக இறங்கி வரும். தரையில் உள்ள பொருட்களிலிருந்தும் சிறு மின்கீற்றுகள் மேலே எழும். இரண்டும் சந்திக்கும் நொடியில்தான் நாம் பார்க்கும் பளிச். அந்தப் பாதையில் உள்ள காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு!

முடி சிலிர்த்து நின்றால், அந்த மேல்நோக்கிய கீற்று உங்களிடமிருந்தே கிளம்பலாம் என்று அர்த்தம். அது படம் எடுக்கும் நேரமல்ல, ஓடி உள்ளே போகும் நேரம்.

செல்போன் மின்னலை இழுக்குமா?

இழுக்காது. மேகத்திலிருந்து மின்னலை வரவழைக்கும் சக்தி போனுக்கும் இல்லை, டிரைபாடுக்கும் இல்லை. ஆபத்து நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. மொட்டை மாடி, கடற்கரை, மைதானம், ஏரிக்கரை போன்ற இடங்களில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாக நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். ரப்பர் செருப்பு காப்பாற்றாது. மரத்தடியும் வேண்டாம். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மீது தாவலாம், தரை வழியாகவும் பரவலாம்.

‘தூரத்துலதானே இடிக்குது’ என்ற நினைப்பும் ஆபத்து. மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, அதை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் விதி எளிமையானது: இடி காதில் விழுந்தாலே உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

அப்படியென்ன ஈர்ப்பு?

1882-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் எடுத்தது, மின்னலின் ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. அதுவரை ஓவியர்கள் மின்னலைக் கோணல்மாணல் கோடாகவே வரைந்தார்கள். கேமராவில் பதிந்ததோ ஆறு கிளை பிரிவது போன்ற உருவம். ஒரு மின்னல் போல இன்னொன்று இருக்காது. ‘இன்னும் ஒரே ஒரு ஷாட்’ என்று நிற்கவைப்பதும் அதுதான்.

பாதுகாப்பாக எடுப்பது எப்படி?

மின்னலைப் பார்த்துவிட்டு பட்டனைத் தட்டினால் லேட். கண் பார்த்து விரல் அசைவதற்குள் அது முடிந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் மின்னலைத் துரத்திக் கிளிக் செய்வதில்லை. ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். இரவில் டிரைபாடில் கேமராவை வைத்து, ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 10 முதல் 20 விநாடி என்று அமைத்து, தொலைவில் தெரியும் விளக்கில் மேனுவலாக ஃபோகஸ் செய்து, அடுத்தடுத்துப் படம் எடுக்க விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் மின்னல் வந்தால் தானாகப் பதியும்.

போனில் இன்னும் சுலபம். ப்ரோ மோடு இருந்தால் இதே அமைப்பு. இல்லையென்றால் வீடியோவை ஓடவிட்டு, பிறகு மின்னல் தெரியும் ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் கேமரா பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதே இல்லை.

எனவே ஜன்னலைச் சாத்திவிட்டு, அறை விளக்கை அணைத்து, கண்ணாடியை ஒட்டி போனை வையுங்கள், பிம்பம் விழாது. ஜன்னல் கம்பியைத் தொடாதீர்கள். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பயணத்தில் இருந்தால், உலோகக் கூரை உள்ள காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு எடுக்கலாம். பைக், ஆட்டோ, பஸ் ஸ்டாப் கூரை, பந்தல் எதுவும் பாதுகாப்பல்ல. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் அபாயம் இருந்தால் எச்சரிக்கும்.

யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால், தயங்காமல் தொடலாம்; அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சும் நாடித்துடிப்பும் இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவி உயிரைக் காப்பாற்றலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 2,800 பேருக்கு மேல் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானார்கள். வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் வேலை செய்பவர்களே இதில் பெரும்பாலும் சிக்குகிறார்கள். அவர்களுக்குப் பல நேரம் ஒதுங்க இடமே இருப்பதில்லை. மொட்டை மாடியில் போனோடு நிற்பவருக்கோ, இருபது படி இறங்கினால் வீடு.