கையை வீசி ஆடும் டி.வி. விளையாட்டுப் பெட்டி: வாங்கலாமா, வேண்டாமா?

ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் மூடியதும் ஐதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும். சார்மினார் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தவர்கள் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகள் மல்காஜ்கிரியிலும் மௌலாலியிலும் ராமச்சந்திராபுரத்திலும் செல்போனைப் பிடித்துக்கொண்டு மத்தியானப் பொழுதைக் கழிக்கின்றன. அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. எழுந்து நின்று, கையை வீசி, டி.வி.யில் டென்னிஸ் ஆடலாமாம். விளையாட்டும் ஆச்சு, தேகப்பயிற்சியும் ஆச்சு என்று பிள்ளைகள் சொல்கின்றன. விலையைக் கேட்டதும் அப்பா பேச்சை மாற்றுகிறார்.

பேச்சை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் விஷயம் தெரிந்து மாற்றினால் நல்லது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது அரிசி, பருப்பு போல வாங்கும் சாமான் அல்ல. வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதில் பல மாதம் சேர்த்தோ, தவணையிலோதான் வாங்க வேண்டும்.

சீட்டுக்கட்டுக் கம்பெனி

இந்த வகைப் பெட்டியை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி. 1889ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி அது. 2006 நவம்பரில் அது வெளியிட்ட 'வீ' என்ற பெட்டிக்கு அமெரிக்காவில் 250 டாலர் விலை. உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்றது. டி.வி. ரிமோட் போன்ற ஒரு குச்சியைக் கையில் பிடித்து வீசினால், திரையில் இருக்கும் பொம்மை மட்டையை வீசும். குச்சிக்குள் அசைவின் வேகத்தை அளக்கும் சிறு கருவி இருக்கிறது.

டி.வி. மேல் வைக்கும் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடுகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து, தான் எங்கே சுட்டுகிறோம் என்று கணக்குப் போடுவது குச்சியின் முனையில் உள்ள காமிரா. பட்டை கெட்டுப்போனபோது இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு.

ஆட்ட மும்முரத்தில் குச்சி கையை விட்டுப் பறந்து டி.வி. கண்ணாடியை உடைத்த கதைகள் முதல் மாதத்திலேயே வந்தன. கம்பெனி 2006 டிசம்பரில் சுமார் 32 லட்சம் மணிக்கட்டுக் கயிறுகளை இன்னும் தடித்த கயிறாக மாற்றித் தந்தது. இந்தக் கயிற்றைப் பிள்ளைகள் மாட்டுவதில்லை. பெட்டியை விட டி.வி. விலை கூடுதல் என்பதை நினைவில் வைத்தால் மாட்டச் சொல்லத் தோன்றும்.

2010 நவம்பரில் மைக்ரோசாப்ட் போட்டிக்கு வந்தது. 1998லேயே ஐதராபாத்தில் கிளை தொடங்கிய கம்பெனி என்பதால் இந்த ஊருக்கு அது புதிய பெயர் அல்ல. அதன் 'கினெக்ட்' கருவிக்குக் கையில் குச்சியே வேண்டாம். காமிரா ஆளையே பார்த்துக் கை கால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. ஆனால் 2017ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதே கம்பெனி 2020ல் கொண்டுவந்த புதிய எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் கினெக்ட் வேலை செய்யாது. வாங்கியவர்களிடம் கருவி நல்ல நிலையில் இருக்கிறது, புதிய விளையாட்டு மட்டும் வருவதில்லை.

பழையதாக வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

செகந்திராபாத் பார்க் லேன் செனாய் டிரேட் சென்டர் பக்கம் விசாரித்தாலோ, எர்ரகட்டா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண்ணில் பட்டாலோ, 'வீ' போன்ற பழைய பெட்டிகளை வாங்கிவிடலாம் என்று சிலருக்கு ஆசை வரும். அமெரிக்காவிலிருந்து வரும் அக்கா மகன் தன் பழைய பெட்டியை இனாமாகத் தருவதும் உண்டு. இனாம் என்றாலும் யோசிக்க வேண்டிய இடம் இது.

முதலில் மின்சாரம். அமெரிக்க 'வீ'யின் அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான் வரும். 220-240 வோல்ட்டுக்கான அடாப்டரைத் தனியாக வாங்கினால் போதும். பெட்டிக்குள் போவது எப்படியும் 12 வோல்ட் டி.சி.தான்.

இரண்டாவது, டிஸ்க். 'வீ' பெட்டியில் வட்டாரப் பூட்டு உண்டு. அமெரிக்கப் பெட்டியில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது, ஜப்பான் டிஸ்க்கும் ஓடாது. பெட்டி ஓரிடம், டிஸ்க் வேறிடம் என்று வாங்கினால் இரண்டும் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, டி.வி. இந்தப் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. கிடையாது, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்கள்தான். புதிய டி.வி.க்கள் பலவற்றில் அந்தத் துளைகளே இல்லை. மாற்றும் கருவி கிடைக்கும், ஆனால் பெரிய திரையில் படம் மங்கலாகத்தான் தெரியும். பழைய குழல் டி.வி.யை இன்னும் போடாமல் வைத்திருப்பவர்களுக்கு இதில் லாபம்.

இன்டர்நெட் மூலம் விளையாட்டு வாங்கும் வசதியும் போய்விட்டது. 'வீ'யின் கடை 2019 ஜனவரியிலும், கினெக்ட் பொருந்தும் எக்ஸ்பாக்ஸ் 360ன் கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. டிஸ்க் இருந்தால்தான் ஆட்டம்.

வீட்டில் இடம் உண்டா?

விளம்பரப் படத்தில் அகலமான ஹாலில் நாலு பேர் குதிக்கிறார்கள். இங்கே வாடகை வீட்டு ஹால் பத்துக்குப் பத்து. அதில் ஒரு கட்டில், பீரோ, தையல் மெஷின், மாமியாரின் நாற்காலி. பழைய கினெக்ட்டுக்கு ஒருவர் ஆட சுமார் 6 அடியும், இருவர் ஆட 8 அடியும் தள்ளி நிற்க வேண்டும். முதல் வேலையாக அளவு நாடாவை எடுத்து டி.வி.க்கும் கட்டிலுக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பது நல்லது. அதற்குக் காசு ஆகாது. குச்சி வகைப் பெட்டிக்கு இவ்வளவு தூரம் தேவையில்லை. ஆனால் கையை முழுதாக நீட்டினால் மின்விசிறியிலோ தம்பி மூக்கிலோ படாமல் இருக்க வேண்டும்.

கீழ் போர்ஷன்காரர்களையும் நினைக்க வேண்டும். மாடியில் இரண்டு பையன்கள் 'தங், தங்' என்று குதித்தால் மறுநாள் வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

உடம்புக்கு நல்லதா?

பெற்றோரை வளைப்பது இந்த ஒரு வாதம்தான். இதற்கு ஆராய்ச்சி உண்டு. 2007ல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் லிவர்பூல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்: உட்கார்ந்து ஆடும் வீடியோ விளையாட்டை விட 'வீ' ஆட்டத்தில் உடல் சக்தி கூடுதலாகச் செலவாகிறது, ஆனால் உண்மையான டென்னிஸோ குத்துச்சண்டையோ ஆடும் அளவுக்கு அல்ல. பிள்ளைகளுக்கு அன்றாடம் வேண்டிய தேகப்பயிற்சிக் கணக்கில் சேர்க்க அது போதாது என்பது அவர்கள் முடிவு.

2012ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இன்னும் கறாராகச் சோதித்தார்கள். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்கே பெட்டியைக் கொடுத்து, பாதிப் பேருக்கு எழுந்து ஆடும் விளையாட்டும், மீதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டும் தந்து, 13 வாரம் அசைவை அளந்தார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், முழுக் கையையும் வீசத் தேவையில்லை, சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை வெட்டினாலே பந்து போகும் என்று ஒரு வாரத்தில் எவரும் கண்டுபிடித்துவிடலாம். அளவுக்கு மீறி வீசியவரும் உண்டு. ஒரு டாக்டரே பல மணி நேரம் 'வீ' டென்னிஸ் ஆடித் தோள் வலியோடு எழுந்த கதை 2007ல் மருத்துவப் பத்திரிகையில் வந்தது.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப்பயிற்சியாக இதைக் கொடுத்துப் பார்த்து 2016ல் முடிவு வெளியிட்டார்கள். 141 நோயாளிகளில் ஒரு பிரிவினர் 'வீ' ஆடினார்கள். இன்னொரு பிரிவினர் சீட்டு, டோமினோ போன்ற சாதாரண விளையாட்டுகள் ஆடினார்கள். இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். கம்பெனி சீட்டுக்கட்டோடு நின்றிருந்தாலும் நோயாளிகளுக்கு நஷ்டம் இல்லை போலிருக்கிறது!

தேகப்பயிற்சிதான் நோக்கம் என்றால் கையில் உண்மையான மட்டையைக் கொடுப்பது மலிவு. ஒலிம்பிக் வெள்ளி வென்ற பி.வி.சிந்து பாட்மின்டனை முதலில் கற்றது செகந்திராபாத் ரயில்வே சிக்னல் பயிற்சி நிலையத்தின் ஆடுகளத்தில்தான். அவர் தந்தையும் ரயில்வே ஊழியர். எல்லாப் பிள்ளையும் சிந்து ஆகப் போவதில்லை. ஆனால் ரயில்வே, பி.எச்.இ.எல். குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு மைதானம் வாசலிலேயே இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு மேல் வெயிலும் தணிகிறது.

அப்படியானால் யார் வாங்கலாம்? நாலு பேர் சேர்ந்து சிரித்து ஆடக் கூடிய வீடு. மைதானம் இல்லாத அடுக்குமாடி. வெளியே போக முடியாத பாட்டியும் பேரனோடு உட்கார்ந்தபடியே 'பௌலிங்' பந்தை உருட்ட விரும்பும் வீடு. பொழுதுபோக்கு என்ற கணக்கில் பணம் ஒதுக்க முடிந்தால் வாங்கலாம். மருந்து என்ற கணக்கில் வேண்டாம். கடன் வாங்கி அறவே வேண்டாம். ஒரே பிள்ளை இருந்து, கூட ஆட ஆளில்லாத வீட்டில் இது இரண்டு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

புதிதாக வாங்கினால்

2017ல் வந்த நிண்டெண்டோ 'ஸ்விட்ச்' இந்த வகையில் பரவலானது. 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், எந்த நாட்டு விளையாட்டும் ஓடும். அமெரிக்க உறவினர் வாங்கி வந்தாலும் இங்கே தொல்லை இல்லை. 2022ல் வந்த 'ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்' விளையாட்டில் டென்னிஸ், பாட்மின்டன், பௌலிங் எல்லாம் உண்டு. பெட்டியோடு வரும் இரண்டு கைப்பிடிகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து இருவர் ஆடலாம். விளையாட்டுக்குத் தனி விலை என்பதையும், நாலு பேர் ஆட இன்னொரு ஜோடி கைப்பிடி வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2017ல் அமெரிக்காவில் அந்த ஜோடி மட்டும் 80 டாலராக இருந்தது.

விலை குறைவு என்று 'ஸ்விட்ச் லைட்' மாடலை வாங்கி ஏமாறக் கூடாது. அதை டி.வி.யோடு இணைக்க முடியாது, கைப்பிடியும் கழலாது.

டி.வி. மேல் வைக்கும் சிறு சதுரப் பெட்டியாக, காமிராவால் ஆளைப் பார்க்கும் 'நெக்ஸ் பிளேகிரவுண்ட்' 2023ல் அமெரிக்காவில் வந்தது. ஐந்து விளையாட்டுகள் உள்ளேயே இருக்கின்றன; மற்றவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். பெட்டிக்குக் கொடுத்தது போதாதென்று சந்தாவும் கட்ட வேண்டுமா என்பதை அவரவர் வீட்டம்மாவிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

ஸ்விட்ச் இங்கே இறக்குமதியாளர்கள் மூலமாகவே வந்து சேர்ந்த சாமான். ஆகையால் கடைக்குக் கடை விலை மாறும். கேரண்டி என்பது கடைக்காரரின் வாக்கு. ரசீதில் கேரண்டி மாதத்தை எழுதி வாங்க வேண்டும். கைப்பிடியில் உள்ள சிறு குமிழ், தொடாமலே தானாக ஒரு பக்கம் நகரும் கோளாறு பலருக்கு வந்திருக்கிறது. பழையது வாங்குகிறவர்கள் கடையிலேயே பெட்டியைப் போட்டு, கைப்பிடியைத் தொடாமல் ஒரு நிமிடம் திரையைப் பார்க்க வேண்டும். அம்புக்குறி தானாக நகர்ந்தால், வேறு கைப்பிடி கேட்க வேண்டும்.