ஆடி மாதத்து விடுதலை

ஆங்கிலக் கதைகளில் வருகின்ற மாணவர் கோடைகாலத்தில் வீடு செல்வர். பனியும் குளிரும் நீங்கிய களிப்பு அவர்க்கு. எமது நாட்டிலே கோடையைத் தேடி எவரும் வீடு செல்வதில்லை. ஆயினும் பேராதனையிற் படித்த யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவகையிற் கோடையைத் தேடிச் சென்றவர்களே. ஆனி, ஆடி மாதங்களில் அந்தானை மலையிலே மேகம் தவழும், தூறல் விடாது, உலர்த்திய சட்டை மூன்று நாளாகியும் ஈரம் போகாது கொடியிலே தொங்கும். அதே மாதங்களில் யாழ்ப்பாணத்திலே மண் வெடித்துக் கிடக்கும்; சோளகக் காற்றுப் பனையோலைகளைச் சலசலக்க வைக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஓசை திடீரென்று காதில் விழுவதுபோலத் தோன்றும். தோன்றினால் அன்றைய வாசிப்பு முடிந்தது என்க.

யாழ்ப்பாணத்தார் பாடசாலை மூடியிருக்கும் காலத்தை 'விடுமுறை' என்று எழுதுவரேயன்றி, வாயாற் சொல்வது 'விடுதலை' என்றுதான். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்குப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டிலும் அச்சொல் இப்பொருளிலேயே வருகின்றது. சிறைப்பட்டோர்க்குரிய சொல்லை மாணவர்க்கு வழங்கிய முன்னோரின் நகைச்சுவையை நாம் அக்காலத்திற் பெரிதும் மெச்சினோம். ஆசிரியத் தொழிலுக்கு வந்த பின்னர் சற்றுக் குறைவாக மெச்சுகின்றோம்.

நாம் இங்கு சொல்ல எடுத்துக்கொண்டது 2002 ஆம் ஆண்டின் விடுதலையை. அதற்கு முன்னர் வீடு செல்வதென்றால் பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து, திருகோணமலை சென்று, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்க வேண்டும். இரண்டு வார விடுதலையில் ஒரு வாரம் காத்திருப்பிலேயே கழிந்துவிடுமாதலால் பலர் விடுதியிலேயே தங்கிவிடுவர். எம் தந்தையார் காலத்து மாணவர் யாழ்தேவியில் ஏறி உறங்கி எழுந்து கதைபேசி வந்த கதையெல்லாம் எமக்குப் புராணம்போலவே இருந்தது. 1990 இல் அப்புகைவண்டி யாழ்ப்பாணம் வருவது நின்றபோது நாம் சிறுவர்.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏப்ரலில் ஏ-9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை 320 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக நாம் அவ்வீதியால் முதன்முறை வீடு சென்றோம்.

ஓமந்தையில் அரச படையினரின் சோதனை நிலையம். அதனைக் கடந்தால் விடுதலைப் புலிகளின் சோதனை நிலையம். முகமாலையில் அவ்வரிசை தலைகீழாகும். எங்கும் இறங்கு, மூட்டையை அவிழ், கட்டு, ஏறு என்பதே மந்திரம். அதனிலும் வேடிக்கை, நேரம் மாறுவது. தென்னிலங்கையில் 1996 இல் முன்னகர்த்தப்பட்ட கடிகாரம் வன்னியிலே பழையபடி அரைமணி பிந்தி ஓடிற்று. ஆகவே ஓமந்தையில் அரைமணி இளமை பெற்று, முகமாலையில் அதனை மீண்டும் இழந்தோம். வீட்டுக்குச் சென்று எத்தனை மணிக்குப் புறப்பட்டோம் என்று சொல்லத் தொடங்கியபோது அம்மம்மா இடைமறித்து, "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டார். எந்த நேரமாயினும் அவருக்கு ஒன்றுதான், எனினும் கேட்பார்.

முறிகண்டியில் எல்லாப் பேருந்துகளும் நின்றன. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி ஏறுவது பழைய வழக்கம். அந்த வழக்கத்தை நேரிற் பாராத தலைமுறையினர் நாம். ஆயினும் எவரும் சொல்லித்தராமலே இறங்கித் தேங்காய் வாங்கினோம். பளைக்கு அப்பாலும் இப்பாலும் தலையற்ற பனைகள் வரிசையாய் நின்றன. பேருந்திற் பேச்சு அடங்கிற்று.

ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் செய்வது யாழ்ப்பாணத்தில் எவர்க்கும் தெரிந்த செய்தி. எனினும் மாணவர்க்காகச் செய்முறையைச் சொல்லிவைப்போம். வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, விரல் நுனியளவு உருட்டிய அரிசிமாவுருண்டை, பல்லிற் படுவதற்குத் தேங்காய்ச் சொட்டு. இவற்றை ஆறவிடாது கிண்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும். கிண்டுவது வீட்டிலுள்ள இளைஞர் வேலை. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதனாற் குடிக்கவேண்டும். கரண்டியாற் குடித்தால் அது வெறும் பாயாசம். விடுதியிலே ஒருமுறை சீனியிட்டு இதனைக் காய்ச்ச முயன்ற கூட்டாளிகளை நாம் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆவணி பிறப்பதற்கு முன் எம்முடன் படித்த சிங்கள நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாத்தறைப் பக்கத்துக் கிராமத்தவர். அவ்வாண்டு தென்னிலங்கையிலிருந்து நயினாதீவுக்கு யாத்திரிகர் கூட்டங் கூட்டமாய் வந்தனர். அக்கூட்டமொன்றோடு வந்து, நாகவிகாரையை வணங்கியபின் தனியே பிரிந்து எம்மிடம் வந்துவிட்டார். பொதுநூலகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவரே கேட்டார். 1981 ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்ட கட்டடம். அப்பொழுது புனரமைப்பு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வீதியோரத்தில் துவிச்சக்கரவண்டியைப் பிடித்தவாறு நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அன்றிரவு முற்றத்து வேம்பின் கீழ்ப் பாய் விரித்துப் படுத்திருந்தபோதுதான் பேசினார். மூன்று ஆண்டு ஒரே விடுதியில் இருந்தும் சொல்லாத செய்தி அது. அவருடைய தமையனார் படைவீரர். 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தபோது காணாமற் போனவர். மாங்குளத்தில் பேருந்து நின்றவேளை நடத்துநர் கூவிய சொற்களில் 'முல்லைத்தீவு' என்ற ஒன்றுமட்டும் தமக்கு விளங்கிற்று என்றும், அவ்வழியே திரும்பும் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னார்.

எமது வீட்டு விறாந்தையிலும் ஒரு படம் மாட்டியிருந்தது. அது எம் சின்னமாமாவின் படம். 1995 இல் எறிகணை வீச்சில் இறந்தவர். அம்மம்மாவின் கடைசிப் பிள்ளை. நண்பர் வந்த அன்றே அப்படத்தைக் கண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் எமக்குத் தெரிந்தது.

இரண்டு நாளில் ஆடி அமாவாசை வந்தது. காத்தோட்டிக்காய் இல்லாத ஆடி அமாவாசை யாழ்ப்பாணத்தில் இல்லை. வேலியோரப் பற்றைகளில் அதனைத் தேடிப் பறிப்பதற்கு ஐயாவும் நண்பரும் காலையிலேயே சென்று, கைகால்களில் முட்கீறல்களோடு திரும்பினர். அம்மம்மா படையலுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். நண்பரின் தமையனாரைப் பற்றி முன்னாளே அவருக்குச் சொல்லியிருந்தோம். அவர் நிமிர்ந்து, "தம்பி, இவற்றை தமையனுக்கு என்ன பேர்? அவருக்கும் ஒரு இலை போடுவம்" என்றார்.

நாம் மொழிபெயர்த்தோம். நண்பர் முகம் வாடிற்று. தம் தாயார் அவருக்காக இன்னும் தானம் கொடுக்கவில்லை என்றும், வருவார் என்றே இருக்கின்றார் என்றும், ஆறு வருடமாக அவருடைய கட்டிலை விரித்து வைத்திருக்கின்றார் என்றும் சொன்னார். அதனைத் தமிழிற் சொல்லி முடிக்க எமக்குச் சற்று நேரமாயிற்று.

அம்மம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அப்பிடியெண்டாற் படைக்கக் கூடாது. தாய் இருக்குது எல்லோ. தாய் சொல்லாமல் நாங்கள் படைக்கக் கூடாது" என்றார். சின்னமாமாவுக்கு மாத்திரமே படைத்துக் காகத்துக்கு வைத்தார். பின்னர் நாம் உண்ண இருந்தபோது, நண்பருக்குப் பக்கத்தில் ஓர் இலை அதிகமாய் விரித்துச் சோறும் கறிகளும் வடையும் பரிமாறினார். "வாறவருக்கு இருக்கட்டும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நண்பர் காத்தோட்டிக்காய்க் கறியை முழுவதும் உண்டார். முதன்முறை உண்பவர் எவரும் அக்கசப்பை அவ்வாறு உண்டதை நாம் கண்டதில்லை. மாலையில் இறைப்பு மெசின் திருத்த வந்த பையன் பசியோடு வந்தான். அவ்விலைச் சோற்றை அவன் உண்டான்.

அந்த வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009 இன் பின்னரே திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவியும் திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. எம்மிடம் படித்துப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் வெள்ளி இரவு பேருந்தேறிச் சனி விடியலில் வீட்டுப் படலையைத் திறக்கின்றனர். ஞாயிறு மாலை அழுக்குச் சட்டைகளைத் தோய்ப்பித்துக் கொண்டு திரும்புகின்றனர். தோய்க்கும் தாய்மார் எம்மிடம் முறையிடுவதுண்டு. அம்முறைப்பாட்டைக் கேட்பதில் எமக்கு ஒரு திருப்தி.

நல்லூர்க் கொடியேற்றத்தைத் தரிசித்த மறுநாள் இருவரும் சேர்ந்து பேராதனைக்குப் புறப்பட்டோம். அம்மம்மா நண்பருக்கெனத் தனி மூட்டை கட்டினார். பனங்கட்டிக் குட்டான் இரண்டு, எள்ளுருண்டை, சென்ற வருடத்துப் பனாட்டு, அம்மாவுக்குக் கொடுக்கும்படி ஒரு பை புழுக்கொடியல். முகமாலையில் மூட்டையை அவிழ்த்த படைவீரருக்கு இருபது வயதிருக்கலாம். புழுக்கொடியலை எடுத்துத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், என்னவென்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் நண்பர் சிங்களத்தில் விளக்கினார்: பனங்கிழங்கை அவித்துக் காயவைப்பது, தேங்காய்ச் சொட்டோடு சப்ப வேண்டும், பல் கவனம். படைவீரர் ஒரு முனையைக் கடித்து, முகஞ்சுளித்து, இது தின்பதற்கன்று, எறிவதற்கு என்றார். பின்னர் மூட்டையைக் கட்டித் தருகையில் இன்னொன்றை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.