‘காசிராம் கோத்வால்’: ஒரு நாடகம் ஏன் இவ்வளவு உறுத்தியது?

ஒருத்தரை மேலே தூக்கிவிட்டு, காரியம் முடிந்ததும் மொத்தப் பழியையும் அவர் தலையில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விஜய் டெண்டுல்கரின் இந்த மராத்தி நாடகம் சொல்வது அதைத்தான்.

கதை என்ன?

பேஷ்வா காலப் புனே. அங்கே அவமானப்பட்ட வெளியூர்க்காரர் காசிராம், தன் மகளையே அமைச்சர் நானா ஃபட்னவிஸுக்குக் கொடுத்து, நகரக் காவல் தலைவர் ஆகிறார். ஊரையே பழிவாங்குகிறார். மக்கள் கொதித்ததும் நானா அவரைக் கைகழுவ, கூட்டம் காசிராமைக் கொல்கிறது. நானாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மேடையில் என்ன புதுசு?

இயக்கியவர் ஜப்பார் படேல். திரைச்சீலைக்குப் பதில் வரிசையாக நிற்கும் பிராமண வேடக்காரர்கள். பக்திப் பாட்டு பாடுவதும் இந்த மனிதச் சுவர்தான், அதிகாரத்தின் அசிங்கத்தை மறைப்பதும் இதுதான்.

சர்ச்சை ஏன்?

1972 டிசம்பரில் புனேயில் அரங்கேறியது. நானாவையும் பிராமணர்களையும் இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, 19 காட்சிகளோடு நிறுத்தியது அரசு அல்ல, தயாரித்த நாடக அமைப்பே. கலைஞர்கள் வெளியேறி ‘தியேட்டர் அகாடமி’ தொடங்கி, நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். 1980-ல் அது ஐரோப்பாவுக்கும் போனது.

உங்களுக்கு ஏன் முக்கியம்?

அடுத்த முறை ஒரு ‘காசிராம்’ மாட்டும்போது, அவரை நியமித்தது யார் என்றும் கேளுங்கள்.